ஏரியில் வண்டலும் பாசியும்: கழனியிலேயே தடுக்கலாம்

காஞ்சிபுரம் மாவட்டத்தில் ஏரி நிரம்பினால்தான் சம்பா நெல் வீடு வந்து சேரும். ஏரியில் வண்டல் சேரச் சேர, அது கொள்ளும் நீர் குறைகிறது. ஐப்பசி, கார்த்திகை மழைநீர் கலங்கல் வழியே வழிந்தோடிவிடுகிறது. கதிர் பால் பிடிக்கும் சமயத்தில் மதகில் தண்ணீர் இருப்பதில்லை. கோடையில் எஞ்சும் நீரிலும் பாசி படர்ந்துவிடுகிறது.

இவை இரண்டுக்கும் முக்கியக் காரணம் ஒன்றே. மழையில் கழனியின் மேல்மண் கரைந்து வரத்துக்கால் வழியே ஏரிக்குள் இறங்குகிறது. அந்த மண்ணோடு ஒட்டிக்கொண்டு மணிச்சத்தும், நீரில் கரைந்து தழைச்சத்தும் போகின்றன. பயிருக்கு இட்ட உரம் பாசிக்கு உணவாகிறது. பாசி மடிந்து அழுகும்போது நீரில் பிராணவாயு குறைந்து மீன்கள் சாகின்றன.

நெல் வயலில் நீலப்பச்சைப் பாசி தழைச்சத்தைச் சேர்த்துத் தரும் நண்பன். ஆனால் ஏரியில் அளவு மீறிப் பெருகும் இவ்வினப் பாசிகளில் சில நஞ்சுள்ளவை. பச்சைச் சாயம் கரைத்தாற்போல் நீர் தோன்றினால் கால்நடைகளைக் குடிக்க விடக்கூடாது.

உள்வாயை ஒட்டி நிலம் உள்ளவர்கள் செய்ய வேண்டியவை:

1. சரிவுக்குக் குறுக்கே உழ வேண்டும். உடைந்த வரப்புகளை மழைக்கு முன்பே சீர்செய்ய வேண்டும்.

2. நிலத்தின் ஏரிப்பக்க ஓரத்தில் அரை அடிக்கு ஒரு தூராக வெட்டிவேர் நடலாம். நெருங்கி வளர்ந்த தூர்கள் ஓடிவரும் மண்ணைத் தடுத்து நிறுத்தும்.

3. மண் பரிசோதனைப்படி உரமிட வேண்டும். மணிச்சத்தை அடியுரமாக இட்டு மண்ணோடு கலக்க வேண்டும். யூரியாவைப் பிரித்து இட வேண்டும். மழை மூட்டமாக இருக்கும்போது உரம் தூவக்கூடாது. உரமிட்டவுடன் வயல்நீரை வடிக்கவும் கூடாது.

4. எருக்குழி வரத்துக்காலை விட்டுத் தள்ளி இருக்க வேண்டும்.

பாசியை ஒழிக்க ஏரியில் மயில்துத்தம் போடுவது தவறு. அது மீனுக்குக் கேடு. மடிந்த பாசி அழுகி, அதிலுள்ள சத்து மறுபடியும் நீரிலேயே சேரும்.

ஏற்கெனவே சேர்ந்துவிட்ட வண்டலை நிலத்துக்கே திருப்பிக் கொண்டுவரலாம். வட்டாட்சியரின் அனுமதி பெற்று வண்டலை இலவசமாக எடுக்க 2024-ல் தமிழக அரசு வழி செய்தது. ஏக்கருக்கு நன்செய்க்கு 75 கன மீட்டரும், புன்செய்க்கு 90 கன மீட்டரும் எடுக்கலாம். கரையையும் மதகையும் ஒட்டித் தோண்டக்கூடாது. ஓரிடத்தில் பள்ளம் பறிக்காமல் பரவலாக எடுக்க வேண்டும்.

கோடையில் எடுத்த வண்டலைக் காயவைத்து, கட்டிகளை உடைத்துப் பரப்பி உழ வேண்டும். வேர்க்கடலை பயிரிடும் மணற்பாங்கான நிலத்துக்கும் செம்மண்ணுக்கும் இது மிக ஏற்றது. நிலத்தில் ஈரம் நின்று பிடிக்கும். களிமண் நிலத்துக்கு இது தேவையில்லை. சாக்கடையோ ஆலைக் கழிவோ கலக்கும் ஏரியின் வண்டலைப் பரிசோதிக்காமல் இடக்கூடாது.

ஏரியைப் பேணுவது இம்மாவட்டத்துக்குப் புதிய வேலை அல்ல. உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919, 921 ஆண்டுகளில் பொறித்த கல்வெட்டுகள், ஏரியைக் கவனிக்க ஊரார் குடவோலை முறையில் ஏரி வாரியம் அமைத்ததைக் கூறுகின்றன. இன்றும் ஒருவர் மட்டும் வரப்பு கட்டினால் போதாது. வரத்துக்காலின் இரு பக்கத்தாரும் கூடிப் பேசி, ஆடி மாதத்துக்குள் இவ்வேலைகளை முடித்துவிட்டால், அடுத்த மழையில் ஏரிக்கு மண் வராது, நீர் வரும்.