இம்பெல்லர் மாற்றிய பின் படகு எஞ்சினைத் திரும்பக் கோர்ப்பது எப்படி?



சேவுகம்பட்டிக்காரனுக்குப் படகு எஞ்சினோடு என்ன வேலை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். எங்கள் ஊரில் கிணறு உண்டு, வாழைத் தோட்டம் உண்டு, நிலக்கோட்டை மார்க்கெட்டுக்குப் போகும் மல்லிகை உண்டு. கடல் மட்டும் கிடையாது. விடுமுறையில் வகுப்பு நண்பன் ஒருவனோடு பாம்பனுக்குப் போய், அவன் தாய்மாமாவின் எஞ்சின் பட்டறையில் பதினைந்து நாள் கூட நின்று வேலை பார்த்தேன். அதில் ஒரே ஒரு வேலையை மட்டும் இங்கே எழுதுகிறேன். வைவாவில் கேட்பார்களோ மாட்டார்களோ, தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஃபைபர் படகின் பின்பக்கம் தொங்குகிறதே, அதுதான் அவுட்போர்டு மோட்டார். மேலே எஞ்சின், நடுவே நீண்ட கால், அடியில் கியர் பெட்டியும் புரொப்பெல்லரும். எஞ்சினைக் குளிர வைப்பதற்கு ரேடியேட்டர் கிடையாது. கடல் தண்ணீரையே உறிஞ்சி மேலே அனுப்பி வெளியே விட்டுவிடும். உறிஞ்சுகிற பம்பு கியர் பெட்டியின் தலையில் உட்கார்ந்திருக்கிறது. அதற்குள்ளே சுற்றுவது ஒரு ரப்பர் இம்பெல்லர், உள்ளங்கையில் அடங்கிவிடும்.

நம் ஊர் மோனோபிளாக் மோட்டாரில் இருப்பது சென்ட்ரிஃபியூகல் பம்பு. ஃபுட் வால்வு ஒழுகினால் குடத்தில் தண்ணீர் மொண்டு ஊற்றி பிரைம் செய்தால்தான் எடுக்கும். ரப்பர் இம்பெல்லருக்கு அந்தத் தொல்லை இல்லை. அது கிண்ணத்தின் நடு மையத்தில் இல்லாமல் ஒரு ஓரமாகத் தள்ளி உட்கார்ந்திருக்கும். சுவர் நெருங்குகிற பக்கம் இதழ்கள் மடங்கும், விலகுகிற பக்கம் நிமிரும். நிமிரும்போது இரண்டு இதழ்களுக்கு நடுவே இடம் பெருகித் தண்ணீரை இழுக்கும். மடங்கும்போது இடம் சுருங்கி வெளியே தள்ளும். புத்தகத்தில் இருக்கிற படத்தைப் பார்த்தே எல்லாம் புரிந்துவிட்டது என்று சொல்லும் தைரியம் எனக்கு இன்னும் வரவில்லை. எங்கள் வீட்டில் பத்தாவதைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். சந்தேகம் கேட்க வீட்டில் ஆள் இல்லை. இதைக் கையால் ஒரு தடவை சுற்றிப் பார்த்த பிறகுதான் விளங்கியது.

தண்ணீர் இல்லாமல் ஓடினால் இந்த ரப்பர் கொஞ்ச நேரத்திலேயே சூடேறிக் கருகிவிடும். எங்க அப்பாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால் கிணற்றில் தண்ணீர் வற்றி மோட்டார் வெறுமனே ஓடினால் சத்தத்தை வைத்தே ஓடிப்போய் ஸ்டார்ட்டரை நிறுத்திவிடுவார். நிறுத்திவிட்டு வரப்பில் உட்கார்ந்துகொள்ளலாம். கடலில் அப்படி உட்கார முடியாதே! பாக் விரிகுடா பெரும்பாலும் 15 மீட்டருக்கும் குறைந்த ஆழம். கரையோரம் கலங்கினால் மணலும் சேறும் சேர்ந்தே பம்புக்குள் போகும். இந்தியாவும் இலங்கையும் 1974-ல் வகுத்துக்கொண்ட எல்லைக் கோடு வேறு அதே கடலில்தான் ஓடுகிறது. எஞ்சின் நின்று, காற்றும் நீரோட்டமும் படகை அந்தப் பக்கம் தள்ளினால் அதில் இருக்கிறவர்கள் கதி என்ன? இந்த ரப்பர் துண்டை அவ்வளவு கவனமாக மாட்டுவது அதனால்தான்.

இனி வேலைக்கு வருவோம். பழைய இம்பெல்லரைத் தூக்கிப் போடுவதற்கு முன் அதன் இதழ்களை எண்ண வேண்டும். "தம்பி, அஞ்சுதான் இருக்குன்னா ஆறாவது எங்க போச்சுன்னு மொதல்ல தேடு" என்பார் பட்டறை மாமா. பிய்ந்த துண்டு தண்ணீரோடு மேலே ஏறி எங்காவது அடைத்துக்கொண்டிருக்கும். அதை எடுக்காமல் புது இம்பெல்லர் போட்டால் பம்பு நன்றாகவே சுற்றும், எஞ்சினும் நன்றாகவே கொதிக்கும்.

அடித்தட்டையும் கிண்ணத்தையும் நகத்தால் தடவிப் பாருங்கள். கோடு கோடாகப் பள்ளம் விழுந்திருந்தால் அவற்றையும் மாற்றிவிட வேண்டும். புது கேஸ்கெட் வைத்து, டிரைவ் ஷாஃப்டில் சாவியை உட்காரவைத்து, அது நழுவாமல் இருக்கத் துளி கிரீஸ் தொட்டு, மேலிருந்து இம்பெல்லரை இறக்க வேண்டும். சாவி விழுந்துவிட்டால் ஷாஃப்டு மட்டும் சுற்றும், இம்பெல்லர் சும்மா நிற்கும்.

அடுத்து கிண்ணத்தை மூடுவது. இதழ்களில் சோப்புத் தண்ணீர் தடவி, கிண்ணத்தை மெல்ல அமுக்கிக்கொண்டே ஷாஃப்டை எஞ்சின் சுற்றும் திசையிலேயே திருப்ப வேண்டும். பெரும்பாலான அவுட்போர்டுகளில் மேலிருந்து பார்த்தால் அது கடிகார முள் சுற்றும் திசை. இதழ்கள் அதற்கு எதிர்ப்பக்கமாக வளைந்து உள்ளே போய்விடும்.

"ரிவர்ஸ் கியர் போட்டால் இம்பெல்லரும் தலைகீழாகச் சுற்றாதா?" என்று நான் கேட்டேன். சுற்றாது. டிரைவ் ஷாஃப்டு எப்போதும் ஒரே திசைதான். அடியில் இரண்டு பெவல் கியர்கள் எதிரெதிராகச் சுற்றிக்கொண்டிருக்கும். நடுவில் உள்ள டாக் கிளட்ச் எதோடு சேருகிறதோ அதைப் பொறுத்துப் புரொப்பெல்லர் மட்டும் திசை மாறும். நம் தியரி பேப்பரில் வருகிற அதே டாக் கிளட்ச்தான்!

கடைசியில் கால் பகுதியை மேலே தூக்கிச் சேர்ப்பது. பொறுமையைச் சோதிக்கிற கட்டம் இது. ஒரே நேரத்தில் மூன்று சேர வேண்டும்: ஷாஃப்டின் ஸ்பிளைன் கிராங்க் ஷாஃப்டுக்குள் போக வேண்டும், தண்ணீர்க் குழாய் தன் ரப்பர் வளையத்துக்குள் போக வேண்டும், கியர் கம்பி மேல் கம்பியோடு பொருந்த வேண்டும். மேலேயும் கீழேயும் கியர் ஒரே நிலையில் இருக்கிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். ஸ்பிளைன் பொருந்தாவிட்டால் ஃப்ளைவீலைக் கையால் கொஞ்சம் திருப்பினால் தானாக இறங்கும். போல்ட்டை இறுக்கி இழுத்துச் சேர்க்கவே கூடாது. ஏதாவது ஒன்று வளையும் அல்லது உடையும். ஸ்பிளைனின் பக்கங்களில் கிரீஸ் தடவலாம், ஷாஃப்டின் உச்சந்தலையில் வேண்டாம். அங்கே கிரீஸ் அடைபட்டால் ஷாஃப்டு முழுதாக ஏறாது. நாலு போல்ட்டையும் குறுக்குமறுக்காக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். உப்புத் தண்ணீரில் அலுமினியத்துக்குள் ஸ்டெயின்லெஸ் போல்ட் பிடித்துக்கொள்ளும், அதனால் மரையில் கிரீஸ் அவசியம்.

எஞ்சின் படகுக்குள்ளேயும் கால் மட்டும் வெளியேயும் இருக்கிற ஸ்டெர்ன்டிரைவ் என்ற வகையும் உண்டு. வோல்வோ பென்டா கம்பெனி 1959-ல் அக்வாமேட்டிக் என்ற பெயரில் அதைக் கொண்டுவந்தது. பாம்பனில் நான் பார்த்ததெல்லாம் அவுட்போர்டுதான், இதைப் படித்துத் தெரிந்துகொண்டேன். சில மாடல்களில் பம்பு காலுக்குள், சிலவற்றில் எஞ்சினோடு. காலைக் கழற்றி மாட்டும்போது யுனிவர்சல் ஜாயின்ட்டை மூடியிருக்கும் ரப்பர் பெல்லோஸ் கிழிந்திருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். அது கிழிந்தால் ஜாயின்ட்டும் பேரிங்கும் துருப்பிடிக்கும், படகுக்குள்ளேயும் தண்ணீர் வரும்.

மாட்டியாகிவிட்டது. தண்ணீர் நிரப்பிய டிரம்மில் உறிஞ்சு துளைகள் மூழ்கும்படி இறக்கி ஸ்டார்ட் செய்தால், பக்கவாட்டுத் துளையில் தண்ணீர் பீய்ச்சியடிக்க வேண்டும். ஒரு நிமிஷத்துக்குள் வரவில்லையா, உடனே நிறுத்திவிடுங்கள். துளையில் உப்பு அடைத்திருக்கிறதா என்று மெல்லிய கம்பியால் குத்திப் பாருங்கள். அதிலும் வரவில்லை என்றால் தண்ணீர்க் குழாய் வளையத்துக்குள் போகாமல் பக்கத்தில் நிற்கிறதா என்றுதான் பட்டறையில் முதலில் பார்ப்பார்கள். காலைத் திரும்ப இறக்கியே தீர வேண்டும், வேறு வழியில்லை.