பேனல் வாங்கும் முன் கன்ட்ரோலரைப் பாருங்கள்



சுருளிப்பட்டியில் வீட்டு மாடியிலும் திராட்சைத் தோட்டக் கொட்டகையிலும் சோலார் வைத்திருப்போர் நம்மிடம் சொல்லும் குறை பெரும்பாலும் ஒன்றுதான்: "பகலெல்லாம் நல்ல வெயில், ராத்திரி ஒன்பது மணிக்கே விளக்கு மங்கிவிடுகிறது." உடனே கடன் வாங்கி இன்னொரு பேனல் போட நினைக்கிறோம். அதற்கு முன் பார்க்க வேண்டியது, பேனலுக்கும் பேட்டரிக்கும் நடுவில் உள்ள சிறு பெட்டி. அதுதான் சார்ஜ் கன்ட்ரோலர்.

இதன் அருமையைப் படகுக்காரர்கள் அறிவார்கள். பெரியார் போராடிய வைக்கத்திலிருந்து தவணக்கடவுக்கு, வேம்பநாட்டு ஏரியில் 2017 ஜனவரி முதல் 'ஆதித்யா' என்ற சோலார் படகு ஓடுகிறது. 75 பேர் ஏறலாம். கூரையில் 20 கிலோவாட் பேனல்கள். கூரைக்கு மேல் இடம் ஏது? விளக்குக்கும் வயர்லெஸ்ஸுக்கும் சிறு பேனல் வைத்திருக்கும் மீன்பிடிப் படகுக்கும் இதே நெருக்கடிதான். இன்னொரு பேனலுக்கு இடமில்லாதபோது, இருக்கும் பேனலிலிருந்து முழு மின்சாரத்தையும் எடுப்பதே வழி.

இரண்டு வகை

மலிவாகக் கிடைப்பது பி.டபிள்யூ.எம். வகை. இது பேனலின் வோல்டேஜைப் பேட்டரியின் அளவுக்கு இறக்கிவிடும். 100 வாட் பேனல் 18 வோல்ட்டில் 5.5 ஆம்பியர் தரக்கூடியது. பேட்டரி 13 வோல்ட்டில் இருந்தால் 13 × 5.5, அதாவது சுமார் 72 வாட்தான் உள்ளே போகும். மீதி நமக்குக் கிடைக்காது.

எம்.பி.பி.டி. வகை, பேனலின் கூடுதல் வோல்டேஜைக் கூடுதல் ஆம்பியராக மாற்றித் தரும். அதே பேனலிலிருந்து 94 வாட் வரை பேட்டரிக்குப் போகும்.

யாருக்கு லாபம்?

மேலே சொன்னது 25 டிகிரி வெப்பத்துக்கான கணக்கு. நம் பக்கத்து வெயிலில் பேனல் 60 டிகிரியைத் தாண்டும்; அப்போது 18 வோல்ட் 15.5 ஆகக் குறையும். எம்.பி.பி.டி. போட்டாலும் 81 வாட்தான். லாபம் 10 வாட் அளவே. ஒரே ஒரு 100 வாட் பேனலுக்கு அந்த விலை கொடுப்பது அவசியமா என்று யோசியுங்கள்.

ஆனால் 60 செல் கொண்ட 250 வாட் பேனலை 12 வோல்ட் பேட்டரிக்கு இணைத்திருந்தால் கதையே வேறு. அது 30 வோல்ட், 8.3 ஆம்பியர் தரும். பி.டபிள்யூ.எம்.மில் 108 வாட்தான் சேரும். பாதிக்கு மேல் வீண். எம்.பி.பி.டி. மாற்றினால் கடும் வெயிலிலும் 200 வாட் கிடைக்கும். இதற்கு 20 ஆம்பியர் கன்ட்ரோலர் போதும்.

போலியைக் கண்டுபிடிக்க

எம்.பி.பி.டி. என்று அச்சிட்டு பி.டபிள்யூ.எம்.மை விற்பதும் உண்டு. பேட்டரி நிறையாத நேரத்தில், நல்ல வெயிலில், டி.சி. அளக்கும் கிளாம்ப் மீட்டரால் பாருங்கள். பேனல் ஒயரில் ஓடுவதைவிடப் பேட்டரி ஒயரில் ஆம்பியர் தெளிவாகக் கூடுதலாக இருந்தால் அது அசல். இரண்டும் ஒரே அளவானால் சந்தேகப்படுங்கள்.

மாற்றும்போது

1. கழற்றும்போது முதலில் பேனல், பிறகு பேட்டரி. மாட்டும்போது முதலில் பேட்டரி, பிறகு பேனல்.
2. பேனலின் பின்புற ஸ்டிக்கரில் உள்ள வி.ஓ.சி. அளவைவிடக் கன்ட்ரோலர் தாங்கும் வோல்டேஜ் கூடுதலாக இருக்கட்டும். மார்கழிக் குளிரில் பேனலின் வோல்டேஜ் ஏறும்.
3. பேட்டரிக்கு அருகிலேயே ஃபியூஸ் போடுங்கள்.
4. ஈய பேட்டரியா, லித்தியமா என்பதைக் கன்ட்ரோலரில் சரியாகத் தேர்ந்தெடுங்கள். தவறினால் பேட்டரி கெடும்.

பேட்டரியே தேய்ந்துபோயிருந்தால் எந்தக் கன்ட்ரோலரும் உதவாது. அதை முதலில் சோதியுங்கள். பேனலில் படிந்த தூசியைத் துடைக்கவும் மறவாதீர்கள். அதற்குச் செலவே இல்லை.

கடன் வாங்கிச் செய்யும் செலவு வீண்விரயமாகிவிடக் கூடாது. வாங்கும் முன் பேனல் ஸ்டிக்கரைச் செல்போனில் படம் எடுத்து அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். சேர்ந்து கணக்குப் பார்ப்போம், இன்ஷா அல்லாஹ்.