அண்ணிக்கு ஒரு வேகம், நாத்தனாருக்கு ஒரு வேகம்

“வங்கியில் வேலை பார்க்கிறேன். வயது 38. என் நாத்தனாருக்கு 29, கல்லூரியில் ஹாக்கி ஆடியவள். ஜனவரியில் சென்னையில் நடக்கும் மாரத்தானில் இரண்டு பேரும் 21 கிலோமீட்டருக்குப் பெயர் கொடுத்திருக்கிறோம். ஆனால் அவள் போகிற போக்குக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. ‘அண்ணி, இன்னும் கொஞ்சம்தான்’ என்று சொல்லிச் சொல்லியே ஓட வைத்துவிடுகிறாள். அன்றைக்கு முழுக்கக் கால் கெஞ்சுகிறது. தனியாகப் போகலாம் என்றால், விடியற்காலை நாலரை மணிக்குத் தெருவில் இருட்டும் நாய்களும்தான் இருக்கின்றன. சேர்ந்து ஓடுவதா, பிரிந்து ஓடுவதா?”
— ஒரு வாசகி, சென்னை

சேர்ந்தே ஓடுங்கள். ஆனால் யார் யாரை இழுப்பது என்பதை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். இதுவரை நாத்தனார் உங்களை முன்னால் இழுத்தார். இனி நீங்கள் அவரைப் பிடித்து நிறுத்த வேண்டும். துணை என்றால் உற்சாகமூட்டி வேகத்தைக் கூட்டுகிறவர் என்றே பலரும் நினைக்கிறார்கள். நெடுந்தூரப் பயிற்சியில் துணையால் கிடைக்கிற பெரிய லாபம், அவர் நம்மை மெதுவாக ஓட வைப்பதுதான். தனியாக ஓடும்போது கைக்கடிகாரத்தைப் பார்த்து ஆசை வந்துவிடும். கூட ஒருவர் பேசிக்கொண்டே வந்தால் அந்த ஆசை அடங்கும்.

மெதுவாக ஓடி எப்படி முன்னேறுவது என்று நாத்தனார் கேட்பார். நியாயமான கேள்வி. உலகத் தரத்தில் ஓடுகிறவர்களின் பயிற்சியை ஆராய்ந்த ஸ்டீபன் செய்லர் போன்றவர்கள் கண்டது இது: அவர்களுடைய பயிற்சியில் ஏறத்தாழ 80 சதவீதம் எளிதான வேகத்திலேயே நடக்கிறது. தசைக்குள் நுண்ரத்தக் குழாய்கள் பெருகுவதும், கொழுப்பை எரிபொருளாக்க உடல் பழகுவதும் இந்த நிதான ஓட்டத்தில்தான். இன்னொன்றும் உண்டு. இதயமும் நுரையீரலும் சில வாரங்களில் தேறிவிடும். எலும்புக்கும் தசைநாணுக்கும் மாதக் கணக்கில் நேரம் வேண்டும். உங்கள் நாத்தனாரைப் போல விளையாட்டுப் பின்னணி உள்ளவர்களுக்குத்தான் இதில் ஆபத்து அதிகம். மூச்சு தயாராக இருக்கிறதே என்று நம்பிப் போவார்கள், முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பில் வலி வந்து உட்கார்ந்துவிடும்.

வேகம் சரியா என்று பார்க்கக் கருவி எதுவும் வேண்டாம். முந்தின நாள் வீட்டில் நடந்ததை இடையில் மூச்சு வாங்காமல் முழு வாக்கியங்களாகச் சொல்ல முடிகிறதா? சரியான வேகம். இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நிறுத்த வேண்டியிருக்கிறதா? அதிகம். பேச வேண்டியவர் நீங்கள்தான், அவரல்ல. உங்கள் பேச்சு அறுபட்டால் அவர் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று முதல் நாளே சொல்லி வைத்துவிடுங்கள்.

இப்போது கணக்குக்கு வருவோம். உங்கள் எளிதான வேகம் கிலோமீட்டருக்கு 8 நிமிடம் என்றும், அவருடையது 6 நிமிடம் 45 விநாடி என்றும் வைத்துக்கொள்வோம். உடனே ‘நடுவில் ஏழேகாலில் ஓடுவோம்’ என்று பேரம் பேசத் தோன்றும். பேசாதீர்கள். அந்த வேகம் உங்களுக்கு மூச்சு முட்டும், அவருக்கோ இரண்டுங்கெட்டானாக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை லாங் ரன் முழுக்க 8 நிமிட வேகத்திலேயே போகட்டும். அவருக்கு இன்னும் ஓட வேண்டும் என்றிருந்தால், உங்களை வீட்டு வாசலில் விட்டுவிட்டு நன்றாக விடிந்த பிறகு மூன்று கிலோமீட்டர் சேர்த்து ஓடிக்கொள்ளட்டும். உங்களுக்கு முன்னதாகவே இருட்டில் கிளம்பி ஓடிவிட்டு வந்து சேர்ந்துகொள்கிறேன் என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

ஓடி நடந்து ஓடுவதும் நல்ல வழிதான். 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய அமெரிக்கர் ஜெஃப் கேலோவே பரப்பிய முறை இது. நான்கு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் நடை. களைத்த பிறகு நடப்பதில்லை, முதல் ஐந்தாவது நிமிடத்திலிருந்தே நடை. நடப்பது மானக்கேடு என்று நினைக்கிறவர்கள் 17-வது கிலோமீட்டரில் எப்படியும் நடப்பார்கள், அதுவும் நொண்டிக்கொண்டு.

செவ்வாய்க்கிழமைக்கு வேறொரு ஏற்பாடு. மெரினா மாதிரி போய்த் திரும்ப நீளமான இடம் இருந்தால், இருவரும் ஒன்றாகக் கிளம்பி அவரவர் வேகத்தில் 20 நிமிடம் ஓடுங்கள். கடிகாரம் 20-ஐத் தொட்டதும் நின்ற இடத்திலேயே திரும்பிவிடுங்கள். நீங்கள் இரண்டரை கிலோமீட்டர் போயிருப்பீர்கள், அவர் மூன்றை நெருங்கியிருப்பார். அதே வேகத்தில் திரும்பினால் இருவரும் ஒரே நேரத்தில் புறப்பட்ட இடத்துக்கு வந்து சேர்வீர்கள். பின்பாதியில் அவர் உங்களை எட்டிப் பிடிக்கப் பார்ப்பார், நீங்கள் பிடிபடாமல் ஓடப் பார்ப்பீர்கள். கடைசி ஐந்து நிமிடத்துக்கு மட்டும் அதை அனுமதிக்கலாம்.

வியாழக்கிழமை வேக நாள். இங்கேயும் தூரத்தை விட்டுவிட்டு நேரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று நிமிடம் வேகமாக, இரண்டு நிமிடம் மெதுவாக, இப்படி ஐந்து அல்லது ஆறு முறை. மெதுவான இரண்டு நிமிடத்தில் அவர் திரும்பி உங்களை நோக்கி ஓடி வருவார். அடுத்த சுற்று மறுபடி ஒன்றாகத் தொடங்கும். எலியட்ஸ் கடற்கரைச் சாலையிலோ பக்கத்துப் பள்ளி மைதானத்திலோ இதைச் செய்யலாம்.

அவரைத் துரத்துவதில் பலன் இருக்கிறது என்பதும் உண்மைதான். 1920-களில் பெர்லினில் ஓட்டோ கோலர் என்ற உளவியலாளர் படகுக் கழகத்தினரைத் தனியாகவும் ஜோடியாகவும் எடை தூக்க வைத்துப் பார்த்தார். ஜோடியில் பலம் குறைந்தவர், தனியாகச் செய்ததைவிட அதிக நேரம் தாக்குப்பிடித்தார். தன்னால் மற்றவரும் நிறுத்த வேண்டி வருமே என்ற உறுத்தல். இருவரும் சமபலம் என்றாலோ, மலைக்கும் மடுவுக்குமான வித்தியாசம் என்றாலோ அந்தப் பலன் குறைந்துபோனது. மிதமான இடைவெளியில்தான் அதிகம். உங்கள் இருவருக்கும் இருக்கிற இடைவெளி ஏறக்குறைய அப்படிப்பட்டதுதான். அந்த உறுத்தல்தான் இப்போது வாரம் முழுக்க உங்கள் காலைக் கெஞ்ச வைக்கிறது. வியாழனுக்கு மட்டும் அதை வைத்துக்கொண்டால் மருந்தாகும்.

ஒரு பழக்கத்தை மட்டும் முளையிலேயே கிள்ளுங்கள். சிலர் பக்கத்தில் ஓடும்போது எப்போதும் அரை அடி முன்னால் இருப்பார்கள். நாம் எட்டினால் அவர்கள் மறுபடி அரை அடி முன்னால். வேண்டுமென்று செய்வதில்லை, அவர்களுக்கே தெரியாது. பத்து நிமிடத்தில் எளிதான ஓட்டம் பந்தயமாகிவிடும். நாத்தனார் அப்படிப்பட்டவர் என்றால், சாலை அனுமதிக்கிற இடத்தில் அவரை அரை அடி பின்னால் வரச் சொல்லுங்கள். சிரித்துக்கொண்டே சொல்லலாம், சொந்தக்காரர்தானே.

ஞாயிறு ஓட்டத்தின் தூரம் பற்றிச் சுருக்கமாக. செப்டம்பரில் 8 கிலோமீட்டரில் தொடங்கி வாரம் ஒரு கிலோமீட்டர்போல ஏற்றுங்கள். நான்காவது வாரம்தோறும் மூன்றில் ஒரு பங்கைக் குறையுங்கள். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் 18 ஓடியிருந்தால் போதும். மீதி மூன்றைக் கூட்டமும் கைதட்டலும் பார்த்துக்கொள்ளும். கடைசி இரண்டு வாரம் தூரத்தை இறக்கி ஓய்வெடுக்க வேண்டும். அந்த நாட்களில் ‘கடைசியா ஒரு தடவை 21 ஓடிப் பார்த்துடலாமா அண்ணி’ என்று கட்டாயம் கேட்பார். அதற்குத்தான் நீங்கள் இருக்கிறீர்கள்.

இந்த ஊரில் பயிற்சியின் உச்சமும் வடகிழக்குப் பருவமழையும் ஒரே நேரத்தில் வரும். தேங்கிய தண்ணீரில் கால் வைக்காதீர்கள். அடியில் திறந்த சாக்கடை மூடி இருக்கலாம், அறுந்த மின்கம்பி கிடக்கலாம். மழையில் ஒரு ஞாயிறு போனால் போகட்டும், அடுத்த வாரம் அதையும் சேர்த்து ஓடாதீர்கள். இருட்டில் எதிரே வரும் வண்டியைப் பார்த்தபடி சாலையின் வலது ஓரமாக, ஒருவர் பின் ஒருவராக ஓடுங்கள். முன்னால் போகிறவர் ‘பள்ளம்’, ‘வண்டி’, ‘நாய்’ என்று குரல் கொடுக்க வேண்டும். காதில் இயர்போன் இருவருக்கும் கூடாது. நாய் குரைத்து வந்தால் ஓட்டத்தை நிறுத்தி நடங்கள், அதன் கண்ணைப் பார்க்க வேண்டாம். கடித்தாலோ பல் பட்டு லேசாகக் கீறினாலோகூட ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

வராத நாளுக்கும் ஒரு ஏற்பாடு வேண்டும். வர முடியாது என்றால் இரவு ஒன்பது மணிக்குள் சொல்லிவிட வேண்டும். காலையில் ஐந்து நிமிடத்துக்கு மேல் காத்திருக்கக் கூடாது. வராதவர் மேல் கோபமும் கூடாது, ஒரே வீட்டில் பொங்கல் கொண்டாட வேண்டியவர்கள். வாரத்தில் ஒரு நாள் விடிந்த பிறகு இருவரும் தனித்தனியாக ஓடுவதும் நல்லது. பந்தயத்தில் பிரிய நேர்ந்தால் பதற்றம் இருக்காது.

தண்ணீர் விஷயத்தில் துணையின் அக்கறை சில நேரம் கெடுதலாகிவிடும். ‘குடிங்க, குடிங்க’ என்று ஊட்டிவிடுவார்கள். 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்ததில் 13 சதவீதம் பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. அளவுக்கு மீறிக் குடித்து, ஓட்டத்தின்போது எடை கூடியதே அதற்கு முக்கியக் காரணம். தாகத்துக்குக் குடியுங்கள். ஞாயிறு ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் சுமார் ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது என்று அர்த்தம். எடை கூடியிருந்தால் அதிகம் குடித்துவிட்டீர்கள். ஓட்டம் ஒன்றரை மணி நேரத்தைத் தாண்டுகிற நாட்களில் மணிக்கு 30 கிராமாவது மாவுச்சத்து உள்ளே போக வேண்டும். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறத்தாழ 25 கிராம் இருக்கிறது. கூட இரண்டு பேரீச்சம்பழம். திரும்பி வந்து உப்புப் போட்ட மோர். பந்தய நாளில் எதைச் சாப்பிடப் போகிறீர்களோ அதையே ஞாயிறுகளில் சாப்பிட்டுப் பழகுங்கள்.

ஒருவரை ஒருவர் கண்காணிக்க வேண்டிய இடம் வெயிலும் புழுக்கமும். வெப்பத்தாக்கு வருகிறவருக்குத் தனக்கு வருவது தெரியாது. பேச்சு குழறும், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் வரும், கால் பின்னும், காரணமில்லாமல் எரிச்சல்படுவார். வியர்க்கிறதே, அதனால் ஒன்றுமில்லை என்று எண்ண வேண்டாம். வியர்வை கொட்டும்போதும் இது வரும். உடனே நிழலில் உட்கார வைத்து, உடம்பு முழுக்கக் குளிர்ந்த தண்ணீரை ஊற்றிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள். வலியிலும் துணையின் கண்தான் நம்பகமானது. ‘ஒன்றுமில்லை’ என்று அவர் சொன்னாலும் நடை கோணியிருந்தால் அன்றைய ஓட்டம் அத்தோடு முடிந்தது.

பந்தய நாளில் எதுவரை சேர்ந்து ஓடுவது? 2016 பிப்ரவரியில் லாஸ் ஏஞ்சல்ஸில் அமெரிக்க ஒலிம்பிக் தேர்வு மாரத்தான் நடந்தது. முதல் மூவருக்கு ரியோ. பயிற்சித் துணைகளான ஏமி கிராகும் ஷலேன் ஃபிளானகனும் முன்னணியில் சேர்ந்து ஓடினார்கள். அன்று கடும் வெயில். ஃபிளானகன் தளர்ந்தபோது கிராக் வேகத்தைக் குறைத்து, தைரியம் சொல்லிக்கொண்டே பக்கத்தில் வந்தார். பின்னால் டெஸிரீ லிண்டன் நெருங்கிய பிறகு, கடைசிக் கட்டத்தில் பிரிந்து போய் ஜெயித்தார். லிண்டன் இரண்டாவது. மூன்றாவதாக வந்த ஃபிளானகன் கோட்டைத் தாண்டி கிராகின் கைகளில் சரிந்தார். மூவரும் ரியோ போனார்கள். கூட இருக்க ஒரு நேரம், விட்டுப் போக ஒரு நேரம்.

நீங்கள் அதை ஓட்டத்தின் நடுவில் முடிவு செய்யாதீர்கள். டிசம்பரிலேயே உட்கார்ந்து பேசிவிடுங்கள். என் யோசனை: முதல் 5 கிலோமீட்டர் சேர்ந்து, உங்கள் வேகத்தில். கூட்டமும் மேளமும் சேர்ந்து எல்லோரையும் தலைதெறிக்க ஓட வைப்பது அங்கேதான், நாத்தனாருக்குக் கடிவாளம் தேவைப்படுவதும் அங்கேதான். ஐந்தாவது கிலோமீட்டர் பலகையைத் தாண்டியதும் ‘நீ போ’ என்று சொல்லிவிடுங்கள். அவர் தயங்கினாலும் அனுப்பிவிடுங்கள். முடிவில் எந்த இடத்தில் சந்திப்பது என்பதை முன்பே குறித்துக்கொள்ளுங்கள், அந்தக் கூட்டத்தில் கைபேசி உதவாமல் போகலாம்.

கடைசியாக ஒன்று. சட்டையில் குத்தும் பந்தய எண் அட்டையின் பின்புறம் பெயர், ரத்த வகை, அவசர எண் எழுத வேண்டும். சேர்ந்து ஓடுகிறவர்கள் பெரும்பாலும் ஒருவர் எண்ணை மற்றவர் எழுதிவிடுகிறார்கள். அவசரத்தில் அந்த எண்ணுக்கு அடித்தால், அந்த போன் அவர் பையில் பூட்டிக் கிடக்கும். நீங்கள் இருவரும் உங்கள் வீட்டுக்காரர் எண்ணை எழுதுங்கள். அவரை அன்று காலை நான்கு மணியிலிருந்து போனைக் கையிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள்.