பிரெஸ்ஸாவா, ஃபிராங்க்ஸா? ஒரு குடும்பக் கணக்கு

நம் சங்கக் கூட்டங்களில் காபி நேரத்தில் இப்போது அதிகம் அடிபடும் கேள்வி, "பிரெஸ்ஸா வாங்கலாமா, ஃபிராங்க்ஸ் வாங்கலாமா?" என்பதுதான். இரண்டும் மாருதி சுசூகி தயாரிப்பு. இரண்டும் சின்ன எஸ்.யூ.வி. வகை. வேறு வேறு கம்பெனி என்றால் பெயரை வைத்தாவது முடிவு செய்துவிடலாம். ஒரே கம்பெனி என்னும்போது குழப்பம் கூடுகிறது. கணக்கு எழுதுவது என் தொழில். புனேயில் எங்கள் குடியிருப்பில் உள்ள நண்பர்கள் இருவருக்கு இதைத் தாளில் போட்டுக் காட்டினேன். மற்றவர்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே பாடமாகத் தருகிறேன்.

1. ஒரு கம்பெனி, இரண்டு கடை

பிரெஸ்ஸா 'அரீனா' ஷோரூமில் கிடைக்கும், ஃபிராங்க்ஸ் 'நெக்ஸா'வில். ஒரு கடைக்காரர் மற்ற கடையின் வண்டியைப் பற்றிப் பேசமாட்டார். ஆகவே ஒப்பிடும் வேலை நம்முடையது. 2016இல் விட்டாரா பிரெஸ்ஸாவாக வந்த வண்டிதான் 2022 ஜூனில் புது வடிவம் எடுத்து வெறும் பிரெஸ்ஸா ஆயிற்று. ஃபிராங்க்ஸ் 2023 ஏப்ரலில் வந்தது. பலேனோ காரை அடிப்படையாகக் கொண்டது. சுருங்கச் சொன்னால், முன்னது எஸ்.யூ.வி.யாகவே பிறந்தது, பின்னது எஸ்.யூ.வி. உடை போட்ட கார்.

2. அளவு

இரண்டின் நீளமும் 3,995 மி.மீ. தான். வித்தியாசம் உயரத்தில் இருக்கிறது: பிரெஸ்ஸா 1,685 மி.மீ., ஃபிராங்க்ஸ் 1,550 மி.மீ. இது ஐந்தேகால் அங்குல வித்தியாசம். முழங்கால் வலி உள்ள பெரியவர்களுக்கு இதுதான் முக்கியமான எண். ஃபிராங்க்ஸில் தலையைக் குனிந்து, உடம்பைத் தாழ்த்தி உட்கார வேண்டும்; கூரையும் பின்பக்கம் சரிந்து வருகிறது. பிரெஸ்ஸாவில் நாற்காலியில் உட்காருவதுபோல் உட்காரலாம். ஆனால் மிகக் குள்ளமானவர்கள் காலைத் தூக்கி வைக்க வேண்டியிருக்கும். முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் உள்ள இடைவெளி ஃபிராங்க்ஸில்தான் 20 மி.மீ. அதிகம். எனவே கால் நீட்டும் இடத்தில் அது குறைந்ததல்ல. அகலத்தில் பிரெஸ்ஸாவுக்கு 25 மி.மீ. கூடுதல். டிக்கி 328 லிட்டருக்கு 308 லிட்டர். இது பெரிய விஷயமில்லை. சி.என்.ஜி. வண்டி எடுப்பவர்கள் மட்டும், சிலிண்டர் போக டிக்கியில் என்ன மிஞ்சுகிறது என்று திறந்து பார்த்துவிட்டே பணம் கட்டுங்கள்.

3. வரி

பலரும் கவனிக்காத இடம் இது. நம் நாட்டில் 'சின்னக் கார்' என்ற வரிச்சலுகை பெற நீளம் 4 மீட்டருக்குள் இருக்க வேண்டும். பெட்ரோல் எஞ்சினும் 1,200 சி.சி.க்குள் இருக்க வேண்டும். ஃபிராங்க்ஸின் எஞ்சின்கள் 1,197 சி.சி., 998 சி.சி.; இரண்டு நிபந்தனையும் நிறைவேறுகிறது. 1.5 லிட்டர் பிரெஸ்ஸாவுக்கு 1,462 சி.சி.; நீளத்தில் தேறி, எஞ்சினில் தவறிவிடுகிறது.

2025 செப்டம்பர் 22க்கு முன்பு ஃபிராங்க்ஸுக்கு வரி 29 சதவீதம், பிரெஸ்ஸாவுக்கு 45. அன்று முதல் 18, 40 என்று ஆயிற்று. இரண்டுக்குமே குறைந்தது உண்மை. ஆனால் இடைவெளி 16 புள்ளியிலிருந்து 22 ஆக விரிந்துவிட்டது. "கொஞ்சம் கூடப் போட்டால் பிரெஸ்ஸாவே வந்துவிடும்" என்ற பழைய யோசனையை இனி யோசித்துத்தான் ஏற்க வேண்டும்.

ஒரு கணக்குக்காக, வரிக்கு முன் 7 லட்ச ரூபாய் விலை என்று வைத்துக்கொள்வோம். 18 சதவீதத்தில் அது 8,26,000. 40 சதவீதத்தில் 9,80,000. ஒரே விலைப் பொருளுக்கு வரியில் மட்டும் 1,54,000 ரூபாய் வித்தியாசம்! இதன்மேல்தான் மாநில சாலை வரியும் ஏறுகிறது.

4. எஞ்சினும் மலைப்பாதையும்

நம்மில் பலர் பெரிய வண்டி கேட்பதற்குச் சொல்லும் காரணம், "ஊருக்குப் போகணும்" என்பது. புனேயிலிருந்து சாத்தாரா, கோலாப்பூர், ஹூப்ளி, பெங்களூர், சேலம் வழியாக மதுரைக்கு 1,200 கி.மீ.க்கு மேல். போகும்போது கம்பாட்கி மலை ஏற்றம், திரும்பும்போது தொப்பூர் ஏற்றம். ஐந்து பேர், பெட்டிகள், ஏ.சி. எல்லாம் சேர்ந்தால் 1.2 லிட்டர் ஃபிராங்க்ஸ் அடிக்கடி கியர் குறைக்கச் சொல்லும். பிரெஸ்ஸா 103 குதிரைசக்தி கொண்டது. சிரமம் தெரியாமல் ஏறும். ஆனால் 100 குதிரைசக்தி கொண்ட 1.0 டர்போ ஃபிராங்க்ஸ் இழுவிசையில் பிரெஸ்ஸாவையே மிஞ்சுகிறது: 147 நியூட்டன் மீட்டருக்கு மேல், பிரெஸ்ஸாவில் 137 அளவு. அதுவும் எஞ்சின் மெதுவாகச் சுழலும்போதே கிடைக்கிறது. வரியும் 18 சதவீதமே. எனவே மலைப்பாதை ஒன்றுக்காக மட்டும் பிரெஸ்ஸா வாங்க வேண்டியதில்லை.

5. பாதுகாப்பு

2025 முதல் இரண்டிலும் எல்லா ரகங்களிலும் ஆறு ஏர்பேக் உண்டு. அதோடு நிறுத்திக்கொள்ளக் கூடாது. ஆஸ்திரேலியா, நியூசிலாந்து நாடுகளின் சோதனை அமைப்பான ஆன்கேப், 2025 டிசம்பரில் அங்கு விற்கப்படும் ஃபிராங்க்ஸுக்கு ஐந்தில் ஒரு நட்சத்திரமே கொடுத்தது. மோதல் சோதனையில் பின்சீட் பெல்ட் ஒன்று பிடிப்பை இழந்தது. நம் நாட்டு வண்டியில் இருப்பது அதே பெல்ட்தானா என்று ஷோரூமில் எழுத்தில் கேளுங்கள். பழைய விட்டாரா பிரெஸ்ஸா 2018இல் குளோபல் என்கேப் சோதனையில் நான்கு நட்சத்திரம் வாங்கியது. அது முந்தைய வடிவம், இன்றைய வண்டிக்குச் சான்றாகாது. இரண்டுக்குமே பாரத் என்கேப் சான்று உண்டா என்று கேட்பது வாங்குபவர் உரிமை. பின்சீட்டில் உட்காரப்போவது நம் பெற்றோரும் பிள்ளைகளும்.

6. மாற்றல் வந்தால்

வெளிமாநிலத்தில் பிழைக்கும் நமக்கே உரிய செலவு இது. வேறு மாநிலத்தில் 12 மாதத்துக்கு மேல் வண்டியை வைத்திருந்தால் பதிவை மாற்ற வேண்டும். புதிய மாநிலத்தில் வரி கட்டிவிட்டு, பழைய மாநிலத்தில் மீதியைத் திருப்பிக் கேட்டு அலைய வேண்டும். விலை கூடிய வண்டிக்கு இந்தச் சுமையும் கூடும். அரசு ஊழியர்களும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் கிளை உள்ள தனியார் நிறுவன ஊழியர்களும் 2021இல் வந்த 'பி.எச்.' வரிசைப் பதிவைக் கேட்கலாம். அதில் வரியைத் தவணையாகக் கட்டினால் போதும். மாநிலம் மாறினாலும் எண் மாறாது.

7. முடிவு

முதல் நண்பர் வீட்டில் எழுபது கடந்த அம்மாவும் அப்பாவும் உடன் இருக்கிறார்கள். வாரம் இரண்டு முறை ஆஸ்பத்திரி, கோயில். அவருக்குப் பிரெஸ்ஸா என்றேன். அந்த ஐந்தேகால் அங்குலம் அவர் வீட்டில் வாரந்தோறும் பயன்படும். கொடுக்கிற வரிக்குப் பொருள் உண்டு. இரண்டாமவர் வீட்டில் கணவன், மனைவி, பள்ளிக்குப் போகும் ஒரு பெண். பெற்றோர் ஊரில், வருடத்தில் ஒரு மாதம் வந்து தங்குவார்கள். பெல்ட் கேள்விக்குத் திருப்தியான பதில் வந்தால் ஃபிராங்க்ஸ் போதும் என்றேன். மிஞ்சும் பணத்தில் பெற்றோருக்கு வருடா வருடம் ஏ.சி. வகுப்பு ரயில் டிக்கெட் எடுத்துக் கொடுக்கலாம். ஊருக்குப் போகும் பத்து நாளுக்காக வண்டி வாங்கினால், மீதி 355 நாளும் அதற்குப் பணம் கட்டிக்கொண்டிருப்போம்.

வீட்டுப் பாடம்

ஷோரூமுக்குப் போகுமுன் குடும்பமாக உட்கார்ந்து விடை எழுதுங்கள்:

(அ) போன மாதம் நம் வண்டியிலோ ஆட்டோவிலோ பின்சீட்டில் யார், எத்தனை நாள் உட்கார்ந்தார்கள்?
(ஆ) வருடத்தில் எத்தனை கி.மீ. ஊருக்குள், எத்தனை வெளியூர்?
(இ) ஐந்து வருடத்துக்குள் மாற்றல் வருமா?
(ஈ) வீட்டுப் பெரியவர் இரண்டு வண்டியிலும் தானாக ஏறி இறங்கிப் பார்த்தாரா?

நான்காவது கேள்விக்கு விடை கிடைக்கும்வரை முன்பணம் கட்டாதீர்கள்.