வீட்டுக் கம்ப்யூட்டரில் மேலாளரின் கண்!

வீட்டிலிருந்தே அலுவலக வேலை பார்ப்பவரா நீங்கள்? மேலாளர் உங்கள் திரையைப் பார்க்க முடியுமா என்ற சந்தேகம் இருக்கும். அதற்கான சாப்ட்வேர் இருந்தால் முடியும்.

2021-ல் என் சொந்தக் கம்ப்யூட்டரிலேயே அப்படி ஒன்றை நிறுவச் சொன்னார்கள். அது கீபோர்டு, மவுஸ் அசைவுகளை எண்ணும். அவ்வப்போது திரையைப் படம் பிடித்து அனுப்பும். ஒரு நாள் நீண்ட அறிக்கையை பிரிண்ட் எடுத்து, பேனாவால் திருத்திக் கொண்டிருந்தேன். மாலையில் மேலாளர் போன் செய்து, "மூணு மணி நேரமா எங்க போனீங்க?" என்றார். அன்று முதல் யோசிக்கும்போதும் மவுஸை ஆட்டிக் கொண்டிருந்தேன். காபி குடிக்க எழுந்தாலும் பதற்றம். அறிக்கைகளை அவசரமாகத் திரையிலேயே படித்ததில் பிழைகள் கூடின.

2022 செப்டம்பரில் மைக்ரோசாப்ட் வெளியிட்ட ஆய்வில், 87 சதவீத ஊழியர்கள் தாங்கள் நன்றாக வேலை செய்வதாகக் கூறினர். அதை முழுமையாக நம்பிய தலைமை அதிகாரிகள் 12 சதவீதமே! அசைவை எண்ணினால் அசைவுதான் கிடைக்கும். 2024-ல் அமெரிக்காவின் வெல்ஸ் பார்கோ வங்கி, கீபோர்டு இயங்குவது போலப் போலியாகக் காட்டியதாகப் பத்துக்கும் மேற்பட்டோரை வேலையிலிருந்து நீக்கியது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியவை:

1. விண்டோஸில் செட்டிங்ஸ், அக்கவுண்ட்ஸ், ஆக்சஸ் வொர்க் ஆர் ஸ்கூல் எனச் செல்லுங்கள். அலுவலகக் கணக்கு இணைந்திருந்தால் இங்கே தெரியும். சில கண்காணிப்பு சாப்ட்வேர்கள் இங்கே காட்டாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

2. சொந்தக் கம்ப்யூட்டரில் அலுவலகக் கணக்கைச் சேர்க்கும்போது, உங்கள் கம்ப்யூட்டரை நிறுவனம் நிர்வகிக்க அனுமதி கேட்கும் கட்டம் தோன்றலாம். படிக்காமல் ஓகே தராதீர்கள். அங்குள்ள டிக் அடையாளத்தை எடுத்து விடலாம்.

3. அலுவலக லேப்டாப்பில் வங்கிக் கணக்கு, குடும்பப் படங்கள் வேண்டாம்.

4. கண்காணிப்பு சாப்ட்வேரை நீங்களாக நீக்காதீர்கள். எதைப் பதிவு செய்கிறார்கள், யார் பார்ப்பார்கள், எத்தனை நாள் வைத்திருப்பார்கள் என்று கேளுங்கள். நியூயார்க் மாநிலத்தில் 2022 மே 7 முதல், ஊழியருக்கு எழுத்தில் தெரிவிக்காமல் கண்காணிக்கக் கூடாது என்பது சட்டம்.

நானும் கேட்டேன். முடித்த வேலைகளின் பட்டியலைத் தினமும் மாலையில் அனுப்புகிறேன் என்றேன். ஒரு மாதம் பார்த்துவிட்டு, படம் பிடிப்பதை மேலாளரே நிறுத்தச் சொன்னார். மறுபடியும் பேனாவைக் கையில் எடுத்தேன்.