கல்வி வாயிலும் சமூக நீதியும்

நுழையும்முன்

பள்ளிக் கல்வியை முடித்துக் கல்லூரியில் சேர விழையும் மாணவர் அனைவரும் கேட்கும் சொல் ‘இட ஒதுக்கீடு’. அதைப் பற்றிக் கருத்துரைப்போர் பலர். அது செயற்படும் முறையை அறிந்தோர் சிலர். அதன் வரலாற்றையும் நடைமுறையையும் இப்பாடம் விளக்குகிறது.

வகுப்புவாரி ஆணை

பிறப்பைக் காரணம் காட்டிப் பெரும்பான்மையோருக்குக் கல்வி மறுக்கப்பட்ட காலம் ஒன்று இருந்தது. அதனால் கல்லூரிகளிலும் அரசுப் பணிகளிலும் ஒரு சிலரே நிறைந்திருந்தனர். இந்நிலையை மாற்ற, சென்னை மாகாணத்தின் நீதிக்கட்சி அரசு 1921இல் வகுப்புவாரி உரிமைக்கான ஆணையைப் பிறப்பித்தது. பணி நியமனங்களில் தொடங்கிய இம்முறை, பின்னர்த் தொழிற்கல்லூரிச் சேர்க்கைக்கும் விரிந்தது.

வழக்கும் திருத்தமும்

அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்த 1950ஆம் ஆண்டிலேயே இவ்வாணையை எதிர்த்து வழக்குத் தொடுக்கப்பட்டது. ஆணை செல்லாது எனச் சென்னை உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1951 ஏப்ரலில் உச்சநீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. தந்தை பெரியாரின் தலைமையில் தமிழகத்தில் கிளர்ச்சி எழுந்தது. அதே ஆண்டு ஜூன் திங்களில் அரசியலமைப்பு முதன்முறையாகத் திருத்தப்பட்டது. சமூகத்திலும் கல்வியிலும் பின்தங்கிய வகுப்பினருக்கும், பட்டியல் இனத்தவருக்கும், பழங்குடியினருக்கும் சிறப்பு ஏற்பாடுகள் செய்ய அரசுக்கு அதிகாரம் அளிக்கும் 15(4) என்னும் உட்பிரிவு அவ்வாறு பிறந்ததே.

1992இல் உச்சநீதிமன்றம், இட ஒதுக்கீடு பொதுவாக 50 விழுக்காட்டைத் தாண்டலாகாது என்றது. தமிழ்நாட்டில் அப்போது நடைமுறையில் இருந்த 69 விழுக்காட்டைக் காக்கத் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. 1994இல் 76ஆவது திருத்தத்தின் வழி அச்சட்டம் ஒன்பதாம் அட்டவணையில் சேர்க்கப்பட்டது.

இடங்கள் நிரப்பப்படும் முறை

ஒரு பாடப்பிரிவில் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் 200 எனக் கொள்வோம். அவற்றுள் பொதுப்பிரிவுக்கு 62, பிற்படுத்தப்பட்டோருக்கு 53, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 7, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 40, ஆதிதிராவிடருக்கு 30, அருந்ததியருக்கு 6, பழங்குடியினருக்கு 2 என இடங்கள் அமையும்.

பொதுப்பிரிவு என்பது எந்த ஒரு சாதிக்கும் உரியதன்று. தரவரிசையில் முன்னிற்பவர் எவ்வகுப்பினராயினும் அவ்விடங்களைப் பெறலாம். பிற்படுத்தப்பட்ட வகுப்பு மாணவர் ஒருவர் தம் மதிப்பெண்ணால் பொதுப்பிரிவில் இடம்பெற்றால், அவ்விடம் அவ்வகுப்பின் 53 இடங்களில் கழிக்கப்படுவதில்லை. ஒதுக்கப்பட்ட இடங்களிலும், அந்தந்தப் பிரிவினருக்குள் மதிப்பெண் வரிசையே பின்பற்றப்படுகிறது.

இதனுடன், ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்புவரை அரசுப் பள்ளியில் பயின்றோருக்கு 7.5 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடும் உண்டு. மருத்துவப் படிப்புகளுக்கு 2020இலும், பொறியியல் முதலான தொழிற்படிப்புகளுக்கு 2021இலும் இது நடைமுறைக்கு வந்தது.

தகுதி பற்றிய வினா

‘இட ஒதுக்கீடு தகுதியைக் குறைக்காதா?’ என்பது பலர் எழுப்பும் வினா. இதனைப் புறந்தள்ளாமல் ஆராய வேண்டும். மதிப்பெண், மாணவர் வந்து சேர்ந்த இடத்தைக் காட்டும். புறப்பட்ட இடத்தைக் காட்டாது. நூலகமும் தனிப்பயிற்சியும் வாய்த்தவர் பெற்ற மதிப்பெண்ணையும், வேலைக்குச் சென்றுகொண்டே படித்த முதல் தலைமுறை மாணவர் பெற்ற மதிப்பெண்ணையும் எண்ணாக மட்டும் ஒப்பிடுதல் முழுமையான அளவீடாகாது. மேலும், ஒதுக்கீடு கல்லூரியின் வாயிலைத்தான் திறக்கிறது. உள்ளே நுழைந்தபின் பாடமும் தேர்வும் தேர்ச்சிக்குரிய மதிப்பெண்ணும் அனைவருக்கும் ஒன்றே.

ஒரே வகுப்பினருள் முன்னேறியோரே மீண்டும் பயன்பெறுகின்றனரா என்னும் வினாவும் உண்டு. அருந்ததியருக்கு 2009இல் அளிக்கப்பட்ட உள் ஒதுக்கீடு, இத்தகைய வினாவுக்கு விடை தேடும் முயற்சியே. காலந்தோறும் ஆராய்ந்து செம்மை செய்யப்படும்போதே ஓர் ஏற்பாடு அதன் நோக்கத்தை நிறைவேற்றும்.

வகுப்பறையில் அருகமர்ந்திருப்பவர் எவ்வழியில் வந்தார் எனக் கேட்டு இழிவுபடுத்துவது, சட்டம் அகற்ற முயலும் வேற்றுமையை மீண்டும் விதைப்பதாகும். இடம் பெறுவது உரிமை. அதனைப் பயன்படுத்தி உயர்வது கடமை. பின்வருவோருக்கு வழிவிடுவது பண்பு.

கற்பவை கற்றபின்

1. மேற்கண்ட 200 இடங்களின் பகிர்வை விழுக்காடாக மாற்றி அட்டவணைப்படுத்துக.
2. ‘மதிப்பெண் மட்டுமே தகுதியா?’ என்னும் தலைப்பில் வகுப்பறையில் சொற்போர் நிகழ்த்துக.