டிராயரில் கிடக்கும் அட்வான்ஸ் ஃபாரம்

அனுப்பர்பாளையம்,
ஞாயிறு இரவு

அன்பு அம்மிணிக்கு, அத்தை எழுதுவது.

மதியம் சாப்பிடும்போது நீ சொன்னது இன்னும் நெஞ்சை அறுக்கிறது. உங்கள் கம்பெனி செக்கிங்கில் இருக்கும் ஒரு அம்மா, மகன் ஸ்கூல் ஃபீஸுக்கு ஐயாயிரம் அட்வான்ஸ் கேட்டாள். "கையில டச் போன் வெச்சிருக்காங்க, இவங்களுக்கு என்ன அத்தை கஷ்டம்?" என்று ஃபாரத்தை டிராயரில் போட்டுவிட்டேன் என்றாய். எல்லாரும் இருந்ததால் பேசாமல் இருந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாமல் படி சாமி.

பனியன் கம்பெனியில் பவர் டேபிளில் இருபத்தேழு வருசம் உட்கார்ந்து தைத்தவள் நான். அப்போதெல்லாம் என்னிடம் போன் கிடையாது. பி.எஃப். கணக்குக்கு நம்பர் வேண்டும் என்றபோது கம்பெனியில் சூப்பர்வைசர் நம்பரை எழுதிவிட்டார்கள். 2018-ல் கண் மங்கி வேலையை விட்டேன். பணம் எடுக்கப் போனால் ஓ.டி.பி. அந்த நம்பருக்குப் போகிறது. அவரோ எப்போதோ ஊரோடு போய்விட்டார், போனும் எடுக்கவில்லை. பிரவுசிங் சென்டருக்கும் ஆபீஸுக்குமாக ஐந்து மாதம் நடந்தேன். ராத்திரி ஷிப்டெல்லாம் தைத்துச் சேர்த்த என் காசு, யாரோ ஒருவர் போனுக்குள் கிடந்தது. பணம் வந்த வாரமே ஒன்பதாயிரத்துக்கு ஒரு போன் வாங்கினேன். "காசு வந்ததும் ஆட்டத்தைப் பாரு" என்று காம்பவுண்டிலேயே பேசினார்கள். இன்று மதியம் உன் வாயில் அதே பேச்சைக் கேட்டதும் எனக்குச் சோறு இறங்கவில்லை.

கணக்குத் தெரிந்தவள் நீ, போட்டுப் பார். ஒன்பதாயிரம் ரூபாய் போன் மூன்று வருசம் உழைத்தால் வாரத்துக்கு அறுபது ரூபாய்கூட ஆகவில்லை. ரீசார்ஜ் தனி. அந்த அறுபதை மிச்சம் பிடித்து எந்த ஸ்கூல் ஃபீஸைக் கட்டுவது? வாடகை பாக்கியையும் வட்டிக்கு வாங்கினதையும் அவள் உன் மேஜைமேல் கொண்டுவந்து வைக்க முடியாது. கையில் இருக்கிற போன்தான் உன் கண்ணில் படுகிறது.

அந்தப் போன் இல்லாமல் அவளால் என்ன செய்ய முடியும், சொல். காஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவர் வாசலில் நின்று ஓ.டி.பி. கேட்கிறார். 2021-ல் இ-ஷ்ரம் பதிவு வந்தபோது ஆதாரோடு சேர்ந்த நம்பர் கேட்டார்கள். மகளிர் உரிமைத்தொகை ஏறியதா என்று போன்தான் சொல்கிறது. இதையெல்லாம் விடு. நாளைக்கு ஓவர்டைம் உண்டா, லைனுக்கு லீவா என்று உங்கள் ஆபீஸ் எதில் சொல்கிறது? வாட்ஸ்அப் குரூப்பில்தானே! போன் இல்லாத ஆளை வேலைக்கே கூப்பிடாமல் விட்டுவிட்டு, இருக்கிறவளைப் பார்த்து வசதிக்காரி என்றால் எப்படி?

2020 லாக்டவுனில் எங்கள் காம்பவுண்டில் மூன்று பிள்ளைகளுக்கு ஒரே போன். பெரியவளுக்கு ஆன்லைன் வகுப்பு நடந்தால் சின்னவன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பான். 2023 மார்ச்சில் வடமாநிலத் தொழிலாளிகளை இங்கே அடிக்கிறார்கள் என்று பொய் வீடியோ பரவி, பீகார் அரசின் குழுவே திருப்பூருக்கு வந்து விசாரித்துப் போனது. பின்வீட்டு ஜார்க்கண்ட் பையன் அந்த வாரமெல்லாம் ராத்திரி மாடியில் நின்று வீடியோ காலில் அம்மாவுக்கு முகத்தைக் காட்டிக்கொண்டிருந்தான். அவள் அழுகை கீழே எங்களுக்குக் கேட்டது. பொய்யும் போன் வழியாகத்தான் போனது; அந்தத் தாய்க்குத் தைரியம் சொல்லவும் அதை விட்டால் வேறு வழியில்லை.

தவணையில் இருபத்தைந்தாயிரத்துக்குப் போன் வாங்கி, கட்ட முடியாமல் திணறுகிற பையன்களும் உண்டு, இல்லை என்று சொல்லமாட்டேன். அப்படிப்பட்டவனைத் தனியாகக் கூப்பிட்டு எடுத்துச் சொல். ஆனால் அவன் அப்பா ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது அந்தக் கணக்கை எடுக்காதே அம்மிணி.

நாளைக்கு அந்த அம்மா போனை ஒரு தடவை பக்கத்தில் பார். சார்ஜர் ஓட்டையில் பனியன் பஞ்சு அடைத்திருக்கும். பழைய மிஷின் ஊசியால் நோண்டி எடுத்துத்தான் சார்ஜ் போடுவோம், என் போனும் அப்படித்தான்.

ஃபீஸ் கட்ட வெள்ளிக்கிழமை கடைசி நாள் என்று நீயே சொன்னாய். வியாழனுக்குள் ஃபாரத்தில் கையெழுத்து வாங்கி அட்வான்ஸைக் கொடுத்துவிடு. அடுத்த ஞாயிறு வா, கச்சாயம் சுட்டு வைக்கிறேன்.

உன் அத்தை